வெள்ளிக்கிழமைக் காற்று

காற்றைப் பிடித்து எடை போட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். எங்கள் தெருவில் பாதிப் பேர் இதைக் கடைசி வரை நம்பவில்லை. "காத்துல இன்னாபா எடை இருக்குது, உனக்குச் சும்மா குடுக்குறானுங்க" என்பார்கள். நானும் விளக்கிச் சொல்லிப் பார்த்தேன். பிறகு, ஆமாம் சும்மாத்தான் கொடுக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டு சைக்கிளில் ஏறிவிடுவேன். இப்போது கைப்பேசியைத் தட்டினால் ஊர்க் காற்றுக்கு ஒரு எண் வந்து நிற்கிறதாம். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வேறு. போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்து, "நீங்கல்லாம் எப்படி சார் அளந்தீங்க, எழுதிக் குடுங்க" என்றார்கள். எனக்கு எழுத வராது என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்று மாலையே கடைக்குப் போய் ஒரு நோட்டு வாங்கி வந்தேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று இத்தனை வருஷம் காத்திருந்தவன் வேறென்ன செய்வான்.

சொந்த ஊர் வில்லியனூர். பெயர் திருக்காமு. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில், பாண்டி டவுனின் காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. அதற்கு மெஷின்கள் வந்து இறங்கின. மெஷின் என்றால் மோட்டார் இருக்கும், மோட்டார் என்றால் எரியும். அதனால் மோட்டார் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவனைத் தேடினார்கள். தற்காலிக வேலை, வேலை திருப்தியாக இருந்தால் நிரந்தரம் ஆக்குவோம் என்றார்கள். பத்து நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் எதையெல்லாம் தொடக்கூடாது என்பதற்கே போய்விட்டது.

மெஷின் ஒரு ஆளின் இடுப்பு உயரம் இருக்கும். அலுமினியப் பெட்டி, தலையில் வீட்டுக் கூரை மாதிரி ஒரு மூடி. உள்ளே மோட்டார் சுற்றும்போது வெளிக்காற்றை இழுக்கும். காற்று போகிற வழியில் கண்ணாடி இழையால் செய்த வெள்ளைத் தாள் ஒன்று விரித்திருக்கும். காற்று போய்விடும், தூசியும் புகையும் தாளில் தங்கிவிடும். ஓட்டுவதற்கு முன் தாளை எடை போட வேண்டும். ஒரு பகல் ஒரு ராத்திரி ஓடிய பிறகு மறுபடி எடை போட வேண்டும். வித்தியாசம்தான் அந்த இடத்துக் காற்றின் அழுக்கு. இவ்வளவுதான் விஷயம். இதைச் சரியாகச் செய்வதுதான் கஷ்டம்.

டவுனில் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மெஷின், துறைமுகம் பக்கம் ஒன்று, இன்னும் சில இடங்களில். டவுன் காற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கிராமத்துக் காற்றும் வேண்டும் அல்லவா. அதற்காகப் பாகூரில் ஒரு பள்ளிக்கூட மாடி, மதகடிப்பட்டில் ஓர் உரக்கடை மாடி, வில்லியனூர் கடைத்தெருவில் காதர் பாயின் பாத்திரக் கடை மாடி. இந்த மூன்றும் என் பொறுப்பு. வில்லியனூர் மெஷின் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் காலை எட்டு மணிக்கு ஓடத் தொடங்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு நிறுத்தித் தாளை எடுப்பேன். மடித்து உறையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போவேன். கண்டக்டர், "இன்னா திருக்காமு, இன்னைக்கு எவ்ளோ காத்து?" என்று கேட்காமல் டிக்கெட் கிழித்ததில்லை.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் மரகதம். வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மதுரைப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவர். டாக்டர் என்றதும் கிராமத்தில் வேறு அர்த்தம் ஆகிவிட்டது. முதல் முறை பாகூருக்கு ஜீப்பில் வந்து இறங்கியபோது, ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நாக்கை நீட்டச் சொன்னாள். டாக்டரம்மா கொஞ்சமும் அசரவில்லை. குனிந்து நாக்கைப் பார்த்தார். "அடுப்புப் பக்கத்துல படுக்க வைக்காதீங்க, புகை ஆகாது" என்றார். அடுத்த வாரம் நான் போனபோது, அந்த அம்மா பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது என்று எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள்.

அவர் எடை போடுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எடை அறைக்கு வெளியே செருப்பை விட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவார். கை வளையலைக் கழற்றி மேசை மேல் வைப்பார். தாள்கள் முதல் நாளே ஈரம் உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் போயிருக்கும். கூண்டின் அடியில் நீல நிறக் குருணை கிடக்கும், ஈரம் ஏறினால் அது ரோஜா நிறமாகிவிடும். ரோஜா நிறம் கண்ணில் பட்டால் அன்று எடை கிடையாது. நீலம் என்றால் சாமணத்தால் தாளின் ஓரத்தைப் பிடித்து, கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்து, கதவை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். நாங்களும் அடக்க வேண்டும். ஒரே தாளை மூன்று முறை போடுவார். மூன்றும் ஒத்துவந்தால்தான் பேனாவை எடுப்பார். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். "தப்பும் படிக்கிற மாதிரி இருக்கணும் திருக்காமு" என்பார். காற்றை ஆராய வந்த அவருக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கடைப்பு, வாசனையே தெரியாது. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

ஒவ்வொரு தாளுக்கும் நான் ஒரு படிவம் எழுத வேண்டும். தொடங்கிய நேரம், முடித்த நேரம், மழை, காற்று வீசும் திசை. கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். மெஷினுக்குப் பக்கத்தில் அன்று ஏதாவது நடந்ததா, குப்பை எரித்தார்களா, வெடி வெடித்தார்களா, எல்லாம் அதில் வர வேண்டும். ஒரு தடவை பாகூரில் மெஷினைச் சுற்றி மிளகாய் காயப் போட்டுவிட்டார்கள். எடை அறையில் டாக்டரம்மா அந்த உறையைப் பிரித்தவர் மத்தியானம் வரை தும்மிக்கொண்டிருந்தார். நான் குறிப்பில் 'மிளகாய்' என்று எழுதியிருந்தேன். "இந்த ஒரு வார்த்தைக்காக உங்களுக்கு நூத்துக்கு நூறு" என்று தும்மலுக்கு நடுவே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மிளகாயை எழுதத் தெரிந்த நான்தான் அடுத்து ஒரு கூத்தை அடித்தேன்.

வில்லியனூர் மெஷின் மட்டும் அடிக்கடி நின்றது. கடைத்தெருவில் மின்சாரம் ஏறும் இறங்கும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து தேய்ந்து போகும். மாற்றி மாற்றிக் கை ஓய்ந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நின்றுபோன மெஷினைக் கிளப்பிவிட்டுக் காதர் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மஸ்தான் பாய் வந்தார். வெள்ளிதோறும் கடைத்தெரு முழுக்கச் சாம்பிராணி போடுகிறவர் அவர். ஒரு கையில் கனல் சட்டி, இன்னொரு கையில் மயிலிறகு விசிறி. கல்லாவுக்கு, தராசுக்கு, பித்தளைக் குடங்களுக்கு என்று புகை காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாய், மாடில என் மெஷினுக்கும் ஒரு புகை காட்டுங்க. அதுக்குக் கண்ணு பட்டுப்போச்சி. நின்னு நின்னு போவுது" என்றேன்.

"அதுக்கின்னா தம்பி, காட்டிட்டாப் போச்சி" என்று மேலே போனார். நான் பாகூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு, என்ன அதிசயமோ, அந்த மெஷின் நிற்கவே இல்லை. அதே வாரம் தெருமுனையில் மின்சாரக்காரர்கள் புது டிரான்ஸ்பார்மர் வைத்தது எனக்குத் தெரியும். ஆனாலும் மஸ்தான் பாயைப் பார்த்தபோது, "உங்க கைராசி பாய்" என்று சொன்னேன். சொன்னதோடு மறந்தும் போனேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் டாக்டரம்மா என்னை எடை அறைக்குக் கூப்பிட்டார். மேசை மேல் வில்லியனூர்த் தாள்களை இரண்டு வரிசையாக விரித்திருந்தார். திங்கட்கிழமைத் தாள்கள் லேசாக மங்கியிருந்தன. வெள்ளிக்கிழமைத் தாள்கள் பழுப்பேறிக் கறுத்திருந்தன. பஸ் நிலையத்துத் தாளே தேவலாம் போலிருந்தது.

"வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல என்ன நடக்குது திருக்காமு? உங்க குறிப்புல எல்லாத்துலயும் விசேஷம் இல்லைன்னு இருக்கே."

"ஒண்ணும் நடக்கல மேடம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் நேரில் வந்தார். காதர் பாயிடம், வெள்ளிக்கிழமைகளில் இந்தப் பக்கம் ஏதாவது எரிப்பீர்களா என்று கேட்டார். காதர் பாய் ஐந்து வேளையும் தொழுகிறவர், வாயில் பொய் வராது. "நாங்க இன்னாத்தம்மா எரிக்கப்போறோம். குப்பையக்கூட கொம்யூன் பஞ்சாயத்துல வந்து வாரிக்கினு போயிடுறாங்க. இங்க புகையே கெடையாது" என்றார். எதிர்க்கடைச் செட்டியாரும் அதையே சொன்னார். டாக்டரம்மா மாடிக்குப் போய் நாலு பக்கமும் பார்த்தார். மேற்கே நெல் மில்லின் குட்டைப் புகைபோக்கி தெரிந்தது. உமியை எரித்து நெல் அவிக்கிற மில். என்றைக்கெல்லாம் அவிப்பார்கள் என்று விசாரித்தார். வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளிக்கிழமை.

கணக்கு நேராகிவிட்டது. புகைபோக்கியைச் சரிசெய்யும் வரை அந்த மில் கொதிகலனை நிறுத்தி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா அறிக்கை எழுதினார். திங்கட்கிழமை அது தலைமை அலுவலகத்துக்கும் கொம்யூன் அலுவலகத்துக்கும் போக வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மில்லின் களத்தில்தான் என் மனைவி அஞ்சலை நெல் காயவைக்கிற வேலை செய்தாள். அவளோடு இருபது பெண்கள். மில்காரர் செலவு என்றால் பூட்டைத் தேடுகிறவர், புகைபோக்கியைத் தேட மாட்டார். இது எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை விஷயத்தை அஞ்சலையிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள்.

"ஏன்யா, ஊர்க் காத்தெல்லாம் அளந்துட்டு கடசீல என் பொழப்புல வந்து நிக்கிறியா?"

"நான் இன்னா பண்றது. தாள்ல கறுப்பு வுழுது."

"வுழட்டும். எங்க மில்லுப் பொகைதான் உன் மாடிக்கு வருதுன்னு நீ பாத்தியா?"

"பாக்கல."

"உங்க டாக்டரம்மா பாத்துதா?"

"இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் பாக்காமதான் எழுதினீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் நாலாம் வகுப்பு. நானும் டாக்டரம்மாவும் சேர்ந்தும் கேட்காத கேள்வியை அவள் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் தாளைப் பொருத்தி மெஷினை ஓடவிட்டுவிட்டு மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காதர் பாய் கீழேயிருந்து சாப்பாடு கொடுத்தனுப்பினார். மில்லில் கொதிகலன் எரிந்தது. புகை எழும்பியது. காலையில் கொஞ்ச நேரம் நெளிந்து நின்ற புகை, கடற்காற்று வீசத் தொடங்கியதும் மேற்கே சாய்ந்து வயல் பக்கம் போய்விட்டது. ஒரு இழைகூடக் கடைத்தெருப் பக்கம் திரும்பவில்லை. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆனால் புகை வரவில்லை என்றால் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

சாயங்காலம் படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மஸ்தான் பாய் கனல் சட்டியோடு ஏறி வந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நேராக மெஷினிடம் போனார். சட்டியில் ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டு, மயிலிறகால் விசிறினார். மெஷின் அந்தப் புகையை அப்படியே உள்ளே இழுத்தது. தாகத்தோடு வந்த மாடு தொட்டித் தண்ணீரை இழுக்குமே, அந்த மாதிரி. பிறகு சட்டியை மெஷினின் காலடியிலேயே வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டார்.

"பாய், வாராவாரம் வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"நீதான தம்பி சொன்ன. ஒரு வாரம்கூட வுடல. இங்க வெச்சிட்டுக் கீழ போய் காதர் பாய்கிட்ட டீ குடிச்சிட்டு, முக்கா மணி நேரம் கழிச்சி எடுத்துக்கினு போவேன். மத்த எடத்துல பொகை வீணாப் போவுது. இது ஒரு பொட்டு வெளிய வுடாம இழுத்துக்குது. நல்ல மெஷினு." பெருமை தாங்கவில்லை அவருக்கு.

காதர் பாய் பொய் சொல்லவில்லை. செட்டியார் பொய் சொல்லவில்லை. நானும் பொய் எழுதவில்லை. எங்கள் யாருக்கும் சாம்பிராணி புகையே இல்லை. குப்பை எரிந்தால் புகை, பஸ் விட்டால் புகை. சாம்பிராணி சாம்பிராணிதான். வெள்ளிக்கிழமை ஊரே அதில் மூழ்கி நின்றுகொண்டு, இங்கே புகையே கிடையாது என்று சத்தியம் செய்திருக்கிறோம்.

சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. மெஷினுக்குப் புகை போடச் சொன்னது நான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதோடு, மில் மேல் தப்பில்லை என்று நான் போய்ச் சொன்னால் பெண்டாட்டிக்காகக் கதை கட்டுகிறான் என்பார்கள். சனிக்கிழமை காலை உறையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனபோது, அந்த பஸ் எங்கேயாவது நின்றுபோனால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

டாக்டரம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அஞ்சலை மில்லில் வேலை செய்வதையும் சொன்னேன். அவர் உறையைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார், பிறகு தன் மூக்கு நினைவு வந்து, வாசலில் இருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டார். "இதுல என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க." அவர் முகர்ந்து பார்த்து, "தர்கா வாசனை வருதும்மா" என்றார்.

"புகை காட்டச் சொன்னது நீங்க. அன்னைக்கே குறிப்புல எழுதியிருக்கணும் இல்லையா?" என்று என்னைக் கேட்டார்.

"எழுதியிருக்கணும் மேடம். ஆனா... சாம்பிராணிய நான் புகைன்னு நெனைக்கல."

அவர் என்னையே பார்த்தார். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ அழவைத்துவிட்டோமே என்று பதறிப்போனேன். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர், ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர். "எங்க வீட்டுலயும் வெள்ளிக்கிழமை தலை குளிச்சா போடுவாங்க. நானும் புகைன்னு நினைச்சதில்லை திருக்காமு" என்றார்.

சிரித்து முடித்ததும் பழைய முகம் வந்துவிட்டது. "நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா அது போதாது. உங்க மனைவி அங்க வேலை செய்யறாங்க, அதனால உங்க வார்த்தை செல்லாது. அவசரப்பட்டு எழுதினவ நான், அதனால என் வார்த்தையும் செல்லாது. தாள்தான் சொல்லணும்." சோதனை இதுதான். வரும் திங்கட்கிழமை மில் அவிக்காத நாள், அன்று சாம்பிராணி போட வேண்டும். வெள்ளிக்கிழமை மில் அவிக்கிற நாள், அன்று போடக் கூடாது. கறுப்பு எந்த நாளுக்குப் போகிறதோ, அந்த நாள் பதில் சொல்லும். அதுவரை அறிக்கை போகாது.

அறிக்கையை நிறுத்துவது அவ்வளவு லேசில்லை. தலைமை அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். "ஆமா சார்... இல்ல சார்... என் தப்புதான் சார்... ஆள் மேல தப்பில்ல, நான்தான் சரியாப் பார்க்கல" என்று மட்டும் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்களோ, வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது. என் பெயரை அவர் சொல்லவில்லை. அந்த மனுஷியை அன்றைக்குக் கும்பிட்டேன், மனதுக்குள். இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

திங்கட்கிழமை சாம்பிராணி என்றதும் மஸ்தான் பாய் மறுத்துவிட்டார். "திங்கக்கெழம இன்னாபா சாம்பிராணி? கடைத்தெருவே சிரிக்கும்." டாக்டரம்மா நேரில் போய், "ஒரே ஒரு தடவை, வெள்ளிக்கிழமை எப்படிப் போடுவீங்களோ அதே மாதிரி" என்று கேட்ட பிறகு சம்மதித்தார். கடைத்தெரு சிரிக்கத்தான் செய்தது. சிரித்ததோடு நிற்காமல் மாடிக்கும் ஏறி வந்துவிட்டது. காதர் பாய் எல்லாருக்கும் டீ சொன்னார். தாளைப் பொருத்தியதும் எடுத்ததும் டாக்டரம்மாதான். "நீங்க தள்ளி நில்லுங்க, மெஷினைத் தொடாதீங்க" என்று என்னிடம் சொன்னபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அது எனக்காகத்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. வெள்ளிக்கிழமை மஸ்தான் பாய் படிக்கட்டின் கீழேயே நின்றுகொண்டு, "மெஷின் நின்னு போச்சின்னா என்னியச் சொல்லக் கூடாது" என்றார். மெஷின் நிற்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

தாள்கள் கூண்டுக்குள் ஒரு நாள் இருந்தன. குருணை நீலமாக இருந்தது. டாக்டரம்மா வளையலைக் கழற்றினார். மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். தராசுக்குப் போகும் முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமைத் தாள் கறுப்பு, வெள்ளிக்கிழமைத் தாள் வெளுப்பு. இருந்தாலும் மூன்று மூன்று முறை எடை போட்டார். பிறகு அறிக்கையை எடுத்து, மில்லை நிறுத்தச் சொன்ன வரியின் மேல் ஒரே கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டார். நான் அன்று நடந்தா வீட்டுக்குப் போனேன், மிதந்துதான் போனேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் சௌகரியம். டாக்டரம்மா மில்லுக்கே போய்த் தகவல் சொல்ல வேண்டும் என்றார். மில்காரருக்கு வாயெல்லாம் பல். கலர் சோடா வாங்கி வரச் சொன்னார். களத்தில் பெண்கள் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். விஷயம் எட்டியதும் அவர்களும் வேலையை விட்டு வந்து நின்றார்கள். அஞ்சலை முன்னால் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"எம்மா, கடைத்தெரு மாடிக்கு எங்க பொகை வரலன்னு கண்டுபுடிச்சீங்க. சரி. எங்க மூஞ்சிக்கு வருதே, அத எந்த மெஷினுல பாப்பீங்க?"

மில்காரர், "ஏ அஞ்சல" என்று அதட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "உமிச் சாம்பலு கண்ணுல வுழுது. பொழுது போனா நெஞ்சு அடைக்குது. மாடிமேல வெச்ச மெஷின ஒரு நாளு எங்க மூக்குக்கு நேரா வெச்சிப் பாருங்க."

தப்பிப் பிழைத்த வேலையை இவளே கொண்டுபோய்ப் பலிபீடத்தில் வைக்கிறாளே என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். டாக்டரம்மா சோடாவைக் கீழே வைத்தார்.

"அளந்தா அதிகமா வரும்மா. எழுதினா மில்லை மூடச் சொல்லிடுவாங்களோன்னு பயமா இருக்கு."

"மூடச் சொல்லாம எழுதுங்க. நீங்கதான படிச்சவங்க" என்றாள் அஞ்சலை. "எங்களுக்கு வேலையும் வேணும், மூச்சும் வேணும்."

இப்போதுதான் மில்காரரைக் குற்றத்திலிருந்து விடுவித்திருக்கிறோம், அவரால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. மில்லின் பேரும் தன் பேரும் எந்தக் காகிதத்திலும் வரக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மெஷின் களத்துக்கு வந்தது. அதில் என்னை அவர் கிட்டவே விடவில்லை. தாளைப் பொருத்தியது, எடுத்தது, உறையின் மேல் எழுதி ஒட்டியது எல்லாம் அவரே. அன்று பகல் முழுக்க அவரும் அந்தப் பெண்களோடு களத்தில் நின்றார். சாயங்காலம் அவருக்கு ஒரே இருமல். அஞ்சலை தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அந்தத் தாளை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். அதில் வெள்ளை என்று ஒரு இடம் இல்லை.

டாக்டரம்மா மூடச் சொல்லாமல்தான் எழுதினார். புகைபோக்கியை எத்தனை அடி உயர்த்த வேண்டும், சாம்பல் குழியை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும், சுவர் எங்கே எழுப்ப வேண்டும் என்று படம் போட்டே கொடுத்தார். வேலையை நிறுத்தாமல் முடிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். மில்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் கொத்தனாரைக் கூப்பிட்டார். பொங்கலுக்கு முன்னால் புகைபோக்கி உயர்ந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கும் வேலை போகவில்லை. தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடியும் களத்தில் மெஷின் ஓடியது. அந்தத் தாளை டாக்டரம்மா அஞ்சலையிடம் காட்டினார். அவள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குது" என்றாள். டாக்டரம்மாவுக்கு அது பிடித்துப்போய், "இருக்குதான்" என்று சிரித்தார். அந்த வருஷமே எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆய்வு முடிந்து டாக்டரம்மா வடக்கே மாற்றலாகிப் போனார். ஆங்கிலத்தில் தடிமனாக ஒரு அறிக்கை அச்சாகி வந்ததாகச் சொன்னார்கள். எனக்கு ஆங்கிலம் எட்டாது, நான் பார்த்ததில்லை.

இந்த நோட்டை எழுதி முடிக்கிற நேரத்தில், நேற்று காலை, அந்த இளைஞர்களில் ஒருவன் போன் செய்தான். பழைய அறிக்கையின் அட்டவணைகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"சார், ஒரு சந்தேகம். நிலையங்களோட பேர் வரிசையா இருக்கு. பஸ் நிலையம், துறைமுகம், பாகூர், மதகடிப்பட்டு, வில்லியனூர் எல்லாம் தெரியுது. கடைசி நிலையம் மட்டும் எங்கன்னு தெரியலை. எல்லா மேப்புலயும் தேடிட்டோம்."

"இன்னா பேரு போட்டிருக்குது?"

"அஞ்சலைன்னு போட்டிருக்கு சார். எந்தக் கொம்யூன்ல வருது அது?"

எதிரே அஞ்சலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இருப்பா, அதுவே சொல்லும்" என்று போனை அவளிடம் நீட்டினேன்.